சேந்தன் அமுதனை ஏன் விட்டார்கள்? படித்த நாவலும் பார்த்த படமும்

கித்தாக்காட்டு வாசகி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். எங்க வாசகர் வட்டத்துல 'பொன்னியின் செல்வன்' பேச எடுத்தோம். புத்தகம் படிச்சவங்க பாதி, படம் மட்டும் பார்த்தவங்க பாதி. கூட்டம் முடியற வரைக்கும் பேச்சு ஒரே ஆளைச் சுத்தித்தான். சேந்தன் அமுதன். படம் மட்டும் பார்த்தவங்களுக்கு அந்த முகமே ஞாபகத்துல நிக்கல. படிச்சவங்களுக்கு அவர் இல்லாம கதை முடியாது.

கல்கி இந்தக் கதையை 1950-ல ஆரம்பிச்சு மூன்றரை வருஷம் வாரா வாரம் எழுதினார். அஞ்சு பாகம். கடைசி பாகத்துக்குத் 'தியாக சிகரம்'னு பேர். ஏன் அந்தப் பேர்? பட்டாபிஷேகம் தனக்குத்தான்னு ஊரே காத்து நிக்கிறப்ப, அருள்மொழி அந்தக் கிரீடத்தை எடுத்து இன்னொருத்தர் தலையில வைக்கிறார். அந்த இன்னொருத்தர், தஞ்சாவூர்ல வாய் பேசாத தாயோட குடிசையில இருந்து, கோயிலுக்குப் பூ கட்டி, தேவாரம் பாடிக்கிட்டு இருந்த சேந்தன் அமுதன். செம்பியன் மாதேவி பெத்த பிள்ளை அவர்தான்னு அப்பத்தான் வெளிய வருது. அரியணைக்காகச் சதி பண்ணின மதுராந்தகனுக்கு அது கிடைக்கல, கேக்கவே கேக்காத ஆளுக்குக் கிடைச்சுது.

படத்துல கிரீடம் ரகுமான் நடிச்ச மதுராந்தகனுக்கே போகுது. சரித்திரப்படி பார்த்தா அதுல தப்பில்ல, அரியணை ஏறின உத்தம சோழர் மதுராந்தகர்தான். ஆனா எனக்கு நெஞ்சு ஆறல. கல்கி சரித்திரத்தை வளைச்சது ஒரு காரணத்துக்காக. அந்தக் காரணம் போனதும் முடிவு வெறும் பெருந்தன்மையா நின்னு போச்சு.

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நாவல் படமா வந்தப்ப எது உங்களுக்குச் சரியாப் பட்டுது, எது மனசை வருத்திச்சு? எழுதுங்க. நீளமா எழுதினாலும் பரவால்ல.

லாரி ராஜா

அக்கா, நான் கையில புத்தகம் பிடிச்சுப் படிச்ச ஆளு இல்ல. செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, அதோட குலையை லாரியில ஏத்திக்கிட்டு மில்லுக்கு ஓட்டறேன். மில்லு வாசல்ல லாரி வரிசை நின்னா எப்ப நகரும்னு யாருக்கும் தெரியாது. அங்க உக்காந்துதான் அஞ்சு பாகத்தையும் கேட்டு முடிச்சேன், போன்ல ஒலிப்புத்தகமா.

கேட்டதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆழ்வார்க்கடியான் சைவங்களோட மல்லுக்கு நிக்கிற இடமெல்லாம். ஓடத்துல ஏறினாலும் சண்டை, இறங்கினாலும் சண்டை. படத்துல ஜெயராம் நல்லாத்தான் செஞ்சாரு, ஆனா வாதம் பண்ண அவருக்கு நேரம் குடுக்கல. வந்தியத்தேவனுக்குக் கார்த்தியைத் தவிர வேற யாரையும் நினைச்சுப் பார்க்க முடியல. அது படத்தோட கெட்டிக்காரத்தனம்.

ஒரு சந்தேகம். காதால கேட்டது படிச்ச கணக்குல சேருமா? கூட்டாளிங்க சேராதுங்கிறாங்க.

மாலா_படிவம்6

நான் உங்க எல்லாருக்கும் நேர் எதிர். முதல்ல படம், அப்புறம் புத்தகம். 2022-ல குடும்பத்தோட ஈப்போ போய் முதல் பாகம் பார்த்தோம். அடுத்தது வர 2023 ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும்னதும் பொறுக்க முடியாம எங்க மாமா வீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

படிக்கிறப்ப எல்லாரும் நடிகர் முகத்தோடதான் வந்தாங்க. குந்தவைன்னா திரிஷா, நந்தினின்னா ஐஸ்வர்யா ராய். என்னால மாத்த முடியல. ஆனா மணிமேகலைன்னு ஒரு பொண்ணு வருவா இல்லையா, கந்தமாறனோட தங்கச்சி? படத்துல அவளே இல்ல. அதனால அவளுக்கு யார் முகமும் கிடையாது, நானே உருவாக்கினேன். கொஞ்சம் குள்ளம், சிரிச்சா கண்ணு மூடிக்கும், எங்க தோட்டத்துல இருந்து பள்ளிக்கு வர்ற ஒரு பிள்ளையோட சாயல். கடைசியில அவ வந்தியத்தேவன் மடியில சாகறப்ப நான் அழுத அழுகைக்கு அம்மா எழுந்து வந்துட்டாங்க. ஆதித்த கரிகாலன் செத்ததுக்குக் கூட நான் அப்படி அழல.

படத்துல விட்டுப்போன ஆள்தான் எனக்கு ரொம்பச் சொந்தமா ஆயிட்டா. வாசகி அக்கா, உங்களுக்குச் சேந்தன் அமுதன் அப்படித்தானோ?

கித்தாக்காட்டு வாசகி

மாலா, நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். இருக்கலாம்மா. ஆனா மணிமேகலை இல்லாம முக்கியக் கதை நடக்கும். சேந்தன் அமுதன் இல்லாம முடிவோட அர்த்தமே வேறயாகுது. அதை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல.

ஓய்வு_வாத்தியார்

அன்பர்களே, ராஜா தம்பி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேரும் தம்பி. தோட்டத்துக்குக் கதை காது வழியாகத்தான் வந்தது. என் சிறு வயதில் எங்கள் டிவிஷனில் சரளமாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ரப்பர்ப் பால் எடை போட்டு, குளித்து, சற்றுப் படுத்து எழுந்தால் பொழுது சாயும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஒரு பெஞ்சு போடுவார்கள். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாள்தான் வாசிப்பவர். அவர் கையில் இருந்தது புத்தகம் அல்ல. கல்கி இதழில் வந்த பக்கங்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, சிமெண்டுப் பைத் தாளில் அட்டை போட்ட ஒரு கட்டு. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டிலிருந்து கைமாறி வந்தது. பக்கத்தின் பின்புறம் தலைவலித் தைலம், மூக்குப்பொடி விளம்பரங்கள் பாதி பாதியாகத் தெரியும்.

அந்தக் கட்டில் ஓர் அத்தியாயம் கிடையாது. ஓவியத்துக்காக யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடம் வந்தால் அம்மாள் நிறுத்தவே மாட்டார். தாளைப் பார்த்தபடியே, வாசிக்கும் அதே குரலில், தாமே சொல்லிக்கொண்டு போவார். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பிற்பாடு நான் சம்பளம் வாங்கி முழுப் புத்தகத்தையும் வாங்கியபோது அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் தேடினேன். கல்கி எழுதியிருந்தது வேறு. அம்மாள் சொன்னதில் பூங்குழலி இன்னும் கோபக்காரி, இன்னும் தனியாள். எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டு பேரும் சேர்ந்தவள்தான் பூங்குழலி.

படம் எடுப்பவர் செய்வதும் அந்த அம்மாள் செய்ததுதான் என்பது என் எண்ணம். கையில் உள்ள கட்டில் எது இருக்கிறது, எது இல்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், விளக்கில் எண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும், இவ்வளவையும் பார்த்துத்தான் சொல்லவேண்டும். நன்றாகச் சொன்னாரா என்பதே கேள்வி.

நன்றாகச் சொன்னதற்கு நான் காட்டும் சாட்சி 'தில்லானா மோகனாம்பாள்'. ஆனந்த விகடனில் 1957-58-ல் தொடராக வந்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுத, கோபுலு ஓவியம் வரைந்தார். ஏ. பி. நாகராஜன் அதை 1968-ல் படமாக்கினார். எங்கள் தோட்டத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டித் திரையிட்டார்கள். முன்பக்கம் பாய் விரித்துக் குடும்பங்கள், பின்பக்கம் இளவட்டங்கள். பின்பக்கம் உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், சிவாஜி நாயனம் பிடிக்கும் கையும் மாறியிருக்கும். ஆனால் ஓசை இரு பக்கத்துக்கும் ஒன்றே. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம் அது. கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் வாசித்தார், சபை மெய்மறந்தது என்று எழுத்தில் படித்தவர்கள் நாங்கள். மெய்மறப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுத்தால் தர முடியாத ஒன்றைப் படம் தந்தது. அப்படி ஒன்றையாவது தருகிற படத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

லாரி ராஜா

ஐயா, கும்புடறேன். கூட்டாளிங்களுக்கு இதை அப்படியே அனுப்பிட்டேன்.

ஈப்போ குமரன்

குறும்படம் எடுக்கிற ஆளா என் பக்கத்தையும் சொல்றேன். வாத்தியார் ஐயா சொன்ன 'விளக்கில் எண்ணெய்'தான் எங்க முழுக் கவலையும். 'பொன்னியின் செல்வன்' ரெண்டு படமும் சேர்ந்தா சுமார் அஞ்சரை மணி நேரம். அஞ்சு பாகத்தை அதுக்குள்ள அடக்கணும்னா ஒரு பாகத்துக்கு ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட. 1958-லயே எம்ஜிஆர் எடுக்க நினைச்சு நடக்காமப் போன கதை இது. எடுத்து முடிச்சதே பெரிய காரியம். சேந்தன் அமுதன் ரகசியத்தைச் சொல்லணும்னா அவரை வளர்த்த வாணி அம்மை கதை வேணும், செம்பியன் மாதேவி அந்தக் குழந்தையை எப்படிப் பிரிஞ்சாங்கன்னு வேணும், மந்தாகினி கதையை இன்னும் விரிக்கணும். குறைஞ்சது அரை மணி நேரம். அந்த அரை மணியை எங்கேயிருந்து வெட்டறது, சொல்லுங்க அக்கா?

என்னைக் கேட்டா, நாவலை நல்ல படமாக்கினவங்க தைரியமா விட்டவங்கதான். உமாசந்திரனோட 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளி விழாப் போட்டியில பரிசு வாங்கின நாவல். மகேந்திரன் 1978-ல எடுத்தப்ப அதுல இருந்து காளியையும் தங்கச்சியையும் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தன் வழியில கொண்டு போனார். அடுத்த வருஷமே 'உதிரிப்பூக்கள்'. அது புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'யில இருந்து கிளம்பினது. கதையையும் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா உறவு கண்டுபிடிக்கவே நேரமாகும். ஆனா ரெண்டும் இன்னிக்கும் உயிரோட இருக்கு.

இன்னொரு சுவாரசியமான விஷயம். கல்கியோட 'தியாக பூமி'யை 1939-ல கே. சுப்பிரமணியம் படமாக்கினப்ப, கதை விகடன்ல தொடரா வந்துக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஓவியத்துக்குப் பதிலா அந்தப் படத்தோட ஸ்டில்லைப் போட்டாங்க. நடிகர் முகத்தோட கதை படிக்கிறது மாலாவுக்கு முன்னாடியே, நம்ம பாட்டன் காலத்துலயே நடந்திருக்கு.

கித்தாக்காட்டு வாசகி

குமரன், வெட்ட இடம் கேக்கறீங்களா? கரிகாலனும் நந்தினியும் சின்ன வயசுல காதலிச்சதுக்குப் படத்துல குடுத்த நேரத்துல கொஞ்சம் எடுத்திருக்கலாம். கல்கி அதைப் பேச்சாலயும் நினைவாலயும்தான் நகர்த்தறார், படிக்கிறவங்க கற்பனை பண்ணிக்கிட்டாங்க. விக்ரம் நல்லா நடிச்சாருங்கிறதுக்காக அந்த ஆறு பெருக்கெடுத்து மத்த எல்லாத்தையும் மூழ்கடிச்சிடுச்சு.

மகேந்திரன் விட்டாருங்கிறது வேற. அவர் கதையோட நடு நரம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு மத்ததை விட்டார். அண்ணன் பிடிவாதமும் தங்கச்சி மேல பாசமும்தான் நரம்பு, அது போகல. இங்க விடுபட்டது நரம்பு. எதை விட்டாங்கங்கிறதுதான் என் வருத்தம், எவ்வளவு விட்டாங்கங்கிறது இல்ல.

பசார்க் கடை அக்கா

நான் ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதினதில்ல. ஆனா யாரும் ஜெயகாந்தனைச் சொல்லலையேன்னு மனசு கேக்கல.

1966-ல 'அக்கினிப் பிரவேசம்'னு ஒரு சிறுகதை எழுதினார். மழையில ஒரு காலேஜ் பொண்ணு முன்பின் தெரியாத ஒருத்தன் காரில ஏறி, கெட்டு வீட்டுக்கு வர்றா. அம்மா தலையில தண்ணிய ஊத்தி, நீ சுத்தமாயிட்டே, யார்கிட்டயும் சொல்லாதேன்னு மறைச்சுடறா. அதுக்கு அவ்வளவு எதிர்ப்பு. அப்ப அவர், சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாம ஊரைக் கூட்டியிருந்தா அந்தப் பொண்ணு கதி என்னன்னு ஒரு முழு நாவல் எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1977-ல பீம்சிங் எடுத்தார், திரைக்கதை ஜெயகாந்தனே. லட்சுமிக்கு தேசிய விருது.

நாவல் முழுக்க அந்தப் பொண்ணு கங்காவோட மனசுக்குள்ளயே நடக்குது. அவ பேசறதை விடப் பேசாததுதான் அதிகம். இதை எப்படிப் படமா எடுப்பாங்கன்னு பயந்துதான் பார்த்தேன். லட்சுமி ஒரு இடத்துலயும் அதிகமா அழல. பஸ்ல நிக்கிறப்ப, ஆபீஸ்ல உக்காந்திருக்கறப்ப அந்த முகம் மரத்துப் போயிருக்கும் பாருங்க. பத்துப் பக்கத்துல எழுதினது அந்த முகத்துல இருந்துச்சு. நான் கடைக் கல்லாவுல உக்காந்து, ஆள் வராத மத்தியானத்துல, பில்லுப் புத்தகத்துக்கு அடியில மறைச்சு வெச்சுப் படிச்ச நாவல் அது. எதுக்கு மறைச்சேன்னா, பொம்பளைப் பிள்ளைக்கு இந்தக் கதை எதுக்குன்னு கேக்கறவங்க அன்னிக்கு நெறைய. படமா வந்தப்ப அதே ஆளுங்க குடும்பத்தோட போய்ப் பார்த்தாங்க. அந்த ஒரு காரியத்துக்காகவே அந்தப் படத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

மாறினது பிடிக்காம போனதும் உண்டு. சுஜாதாவோட 'ப்ரியா' நாவல் லண்டன்ல நடக்கும். படத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்துட்டாங்க. பக்கத்து ஊரு சினிமாவுல தெரியுதுன்னு எங்க ஆளுங்க ஓடி ஓடிப் பார்த்தாங்க, பாட்டும் அருமை. ஆனா வக்கீல் கணேஷ் பேர் மட்டும்தான் வந்துச்சு, நாவல்ல இருந்த அந்த ஆள் அதுல இல்ல.

லாரி ராஜா

அக்கா நல்லா எழுதறீங்க, இன்னும் எழுதுங்க.

'பரதேசி' பத்திப் பேசணும். 2013-ல வந்தப்ப எங்க பாட்டிய கூட்டிக்கிட்டுப் போனேன். பாட்டிக்கு படம்னா எம்ஜிஆரோட முடிஞ்சு போச்சு. கங்காணி கிராமத்துல வந்து உக்காந்து ஆசை வார்த்தை பேசி ஆள் சேர்க்கிற இடம் வந்ததும் பாட்டி என் கையப் பிடிச்சுட்டாங்க. "இப்படித்தான்டா எங்கப்பனைக் கூட்டியாந்தான்"னாங்க, சத்தமாவே. முன் வரிசையில இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் படம் முடியற வரைக்கும் பேசவே இல்ல. அந்தப் படம் வால்பாறைத் தேயிலைக் காடு, நம்மளுது ரப்பர் மரம் நிக்கிற கித்தாக் காடு. பாட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அதுக்கப்புறம்தான் அது புத்தகத்துல இருந்து எடுத்ததுன்னு தெரியும். படிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

ஓய்வு_வாத்தியார்

படித்திருக்கிறேன் தம்பி. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளியான நாவல். ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், அங்கு தொழிலாளர் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர்களிடம் கேட்டு எழுதியவர். இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். தமிழில் கிடைத்த பிறகுதான் நம் மக்கள் கைக்கு வந்தது.

கங்காணி காட்சியில் இயக்குநர் பாலா நாவலின் உயிரைத் தொட்டுவிட்டார், உங்கள் பாட்டியார் சொன்னதே அதற்குப் போதும். ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். நாவலில் வரும் மருத்துவர் ஆபிரகாம் தொழிலாளருக்காகத் துரைமாரோடு மோதுகிறவர். அந்த இடத்தில் படம் காட்டும் மருத்துவர் மதம் மாற்றுவதற்காகவே ஆடிப் பாடுகிறவர். டேனியல் தம் வாழ்நாள் அனுபவத்தை வைத்துப் படைத்த மனிதரை அப்படி ஆக்கியது நியாயம் அல்ல. கதாபாத்திரத்தை விட்டுவிடலாம், சுருக்கலாம். எதிர்ப்பக்கமாகத் திருப்பும்போது மூல ஆசிரியருக்குக் கடன்படுகிறோம். குமரன் தம்பி, உங்களைப் போன்றவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

ஈப்போ குமரன்

ஏத்துக்கறேன் ஐயா. திருப்பறதை விடச் சேர்க்கிறது நேர்மை. 'அசுரன்' பாருங்க. பூமணியோட 'வெக்கை' ஒரு பையன் கொலை பண்ணிட்டு அப்பனோட காட்டுல தலைமறைவாத் திரியற சில நாள் கதை. வெற்றிமாறன் அப்பனுக்கு ஒரு பழைய வாழ்க்கையைப் புதுசாக் கட்டினார். நாவல்ல அது இல்ல. ஆனா நாவலோட கோபம் எந்தப் பக்கம் நின்னுச்சோ அதே பக்கம்தான் படமும் நின்னுச்சு.

மாலா_படிவம்6

தோட்டத்துக் கதைன்னு பேச்சு வந்ததால கேக்கறேன். நம்ம தோட்டத்தைப் பத்தி, மலேசியாவைப் பத்தி எழுதின நாவல் எதுவும் படமா வரலையா? வால்பாறையைப் பார்த்துத்தான் நம்ம பாட்டி அழணுமா?

ஓய்வு_வாத்தியார்

மாலா, நீ கேட்டதுதான் இந்த இழையில் கேட்கவேண்டிய கேள்வி. சற்று நீளமாகவே பதில் சொல்ல அனுமதி வேண்டும்.

நம் தோட்டங்களோடு தொடர்புள்ள ஒரு நாவல் உலகப் புகழ் பெற்ற படமாகியிருக்கிறது. பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அதாவது நம் பாட்டன்மார் பால் வெட்டிய நிரைகளுக்கு நடுவே நடந்தவர். அவர் 1952-ல் எழுதிய நாவல்தான் குவாய் நதிப் பாலத்தைப் பற்றியது. டேவிட் லீன் 1957-ல் படமாக்கினார், இலங்கையில் கித்துல்கலை என்ற இடத்தில் பாலம் கட்டி எடுத்தார்கள். ஏழு ஆஸ்கார். நாவலில் பாலம் இடிவதில்லை. படத்தில் ரயிலோடு சேர்ந்து வெடித்து விழுகிறது. திரைக்கதைக்கான ஆஸ்காரும் பூல் பெயருக்கே போனது. உண்மையில் எழுதிய இருவர், அரசியல் காரணமாக ஹாலிவுட்டில் தடைப்பட்டவர்கள், 1984-ல்தான் அங்கீகாரம் பெற்றார்கள். நாவலைப் படமாக்குவது பற்றி வகுப்பில் பேச இதைவிடச் செழிப்பான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தப் பாலம் எந்த ரயில் பாதையில் இருந்தது? சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 1942-43-ல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் மிகப் பெரும் தொகை. நம் வட்டாரத்தில் விசாரித்தால் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இல்லாத பழைய குடும்பம் அரிது. தாய்லாந்தின் கஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர்க்கு அப்படி ஒன்றும் இல்லை. படத்தைப் பாருங்கள், மிகச் சிறந்த படம், நான் பல தடவை பார்த்தவன். வெள்ளைக்காரக் கைதிகளும் ஜப்பானியரும்தான் கதை. நம் லயத்து மனிதருக்கு அதில் இடம் இல்லை. தோட்டத்தில் நம்மைத் தினமும் பார்த்த ஒருவர் எழுதிய நாவலில் இருந்து வந்த படம் அது என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

நம்மவர் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இரண்டும் மலேசிய மண்ணில் பிறந்த நாவல்கள். தமிழகத்திலிருந்து வந்து பார்த்துப் போன அகிலன் நம் தோட்டத்தை வைத்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அவருடைய 'பாவை விளக்கு' 1960-ல் சிவாஜி நடித்துப் படமானது, 'கயல்விழி' எம்ஜிஆர் படமானது. பால்மரத்துக்கு மட்டும் திரை கிடைக்கவில்லை.

மாலா_படிவம்6

ஐயா, எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் சயாம் போனவர்னு வீட்டுல சொல்லுவாங்க. அது அந்த ரயிலுக்குத்தான்னு நான் இப்பத்தான் சேர்த்துப் பார்க்கிறேன். சயாம்னா ஏதோ வேலைக்குப் போய் அங்கயே தங்கிட்டாருன்னு நினைச்சிருந்தேன்.

பசார்க் கடை அக்கா

எங்க வீட்டுலயும் ஒருத்தர் உண்டும்மா. அவர் பேர் வெச்ச பிள்ளைதான் எங்கண்ணன்.

ஈப்போ குமரன்

வாத்தியார் ஐயா எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல.

நம்ம ஊர்ல தோட்டத்து ஜனங்களைக் காட்டின படங்கள் இருக்கு. 2005-ல 'செம்மண் சாலை', 2015-ல 'ஜகாட்'. 'ஜகாட்' மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்கிச்சு. ரெண்டும் நாவல்ல இருந்து வந்ததில்ல, திரைக்குன்னே எழுதினது. டான் ட்வான் எங்னு ஒரு மலேசிய எழுத்தாளரோட ஆங்கில நாவல் ஒண்ணு, கேமரன் மலையில தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்துல நடக்கிற கதை, 2019-ல படமாச்சு. ஆக மலேசிய நாவலைப் படமாக்க முடியாதுன்னு இல்ல. தமிழ் நாவலை எடுக்க யாரும் இன்னும் கை வைக்கல.

காரணம் பணம்னு சொல்றது சுலபம். ரயில் பாதை, காடு, நூத்துக்கணக்கான ஆளு, அந்தக் காலத்து லயம், எல்லாமே செலவுதான். ஆனா எனக்குத் தெரிஞ்ச படம் எடுக்கிற பிள்ளைங்க நிறையப் பேரு அந்த நாவல்களைப் படிச்சதில்ல. படிக்காத கதையை எடுக்கணும்னு யாருக்கும் ஆசை வராது. எனக்கும் இதுவரைக்கும் வரல.

லாரி ராஜா

குமரன் அண்ணே, ரயிலும் பாலமும் எதுக்கு முதல்லயே? என் மனசுல ஓடறதைச் சொல்றேன். பெரட்டுல, அதான் காலையில ஆளுங்களை நிறுத்திப் பேர் கூப்பிடறதுல, ஆரம்பிங்க. விடியக்காலை இருட்டு, மேஸ்திரி, அதான் தண்டல், பேர் கூப்பிடறான், ஒவ்வொருத்தரும் பதில் சொல்றாங்க. அவ்வளவுதான் முதல் காட்சி. கொஞ்சம் கழிச்சு மறுபடி பெரட்டு, இப்ப ஜப்பான்காரன் நிக்கிறான், பாதிப் பேருக்குப் பதில் இல்ல. இதுக்கு ரயில் வேணாம், ஒரு திடலும் முப்பது ஆளும் போதும். ஆளுங்களை நான் கூட்டியாறேன், எங்க மில்லு டிரைவருங்களே வருவாங்க.

கித்தாக்காட்டு வாசகி

ராஜா, இதைப் படிச்சதும் எனக்கு சேந்தன் அமுதன் சண்டையை ஒத்தி வைக்கலாம்னு தோணிடுச்சு. விடமாட்டேன், ஆனா ஒத்தி வைக்கிறேன்.

வட்டத்துல அடுத்ததா 'சயாம் மரண ரயில்' எடுக்கலாம்னு நினைக்கிறேன். வாத்தியார் ஐயா, உங்க கிட்ட பிரதி இருக்கா? 'நினைவுச் சின்னம்' என்கிட்ட ஒண்ணு இருக்கு, அட்டை போயிடுச்சு, பக்கம் எல்லாம் இருக்கு. அதையும் சேர்த்துப் படிச்சா ரெண்டு ஆசிரியர் ஒரே ரயிலை எப்படிப் பார்க்கறாங்கன்னு பேசலாம்.

பசார்க் கடை அக்கா

எனக்கு ஒரு மாத்துக் கருத்து. ரயில் கதையிலயே எல்லாரும் நின்னுடக் கூடாது. தோட்டம் துண்டாடப்பட்டது, செம்பனை வந்தது, ஜனங்க லயத்தை விட்டு டவுனுக்கு வந்து வாடகை வீட்டுல முழிச்சது, அதெல்லாம் நாங்க வாழ்ந்தது. அதை எழுதின நாவலும் படிக்கணும். பொம்பளைங்க கதையா இருக்கணும். பால் வாளி தூக்கினதுல பாதிக்கு மேல நாங்கதான். இருந்தாலும் முதல்ல ரயிலைப் படிப்போம், நான் வர்றேன். ஞாயித்துக்கிழமை கடை மத்தியானத்தோட அடைக்கிறேன்.

ஓய்வு_வாத்தியார்

என்னிடம் ஒரு பிரதி உண்டு. பழசு, முதுகு தளர்ந்திருக்கிறது. பிரித்துப் படிக்கும்போது கவனம் தேவை. அக்கா சொன்னதும் மிகச் சரி, அடுத்த தேர்வை அவரே செய்யட்டும்.

முதலில் யாருக்குக் கொடுப்பது?

ஈப்போ குமரன்

மாலாவுக்குக் குடுங்க ஐயா, அவங்க வீட்டுக் கதை அது. அவங்க முடிச்சதும் நான் சுங்கை சிப்புட் வந்து வாங்கிக்கறேன். நான் முழுசாப் படிச்சு முடிக்கிற வரைக்கும் திரைக்கதைன்னு ஒரு வரி எழுத மாட்டேன். ராஜா, உங்க பெரட்டுக் காட்சியை மட்டும் ஒரு தாள்ல எழுதி வைங்க, யார் யார் பேரைத் தண்டல் கூப்பிடறான்ங்கிறது உட்பட.

மாலா_படிவம்6

நான் நாளைக்கே வந்து வாங்கிக்கறேன் ஐயா. பரீட்சை இருக்கு, ஆனா ராத்திரி படிச்சுடுவேன். ராஜா அண்ணே, அந்தப் பேர் வரிசையில எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் பேரையும் சேர்த்துக்கங்க. வீட்டுல கேட்டுச் சொல்றேன்.